புள்ளிக்குதிரைக்காரன் சொன்ன மருந்து

ஒரு ஊர்ல ஒரு இருமல் இருந்துதாம்.

ராஜா எங்கன்னு கேக்காதே. இந்தக் கதையில ராஜா கிடையாது. தன்னை ராஜான்னு நெனச்சுக்கிட்ட ஒருத்தன் பின்னாடி வருவான், நமக்கு அவன் போதும். இப்படிப் புரண்டுக்கிட்டே இருக்காம, போர்வையை இழுத்துக்கிட்டுக் கேளு. நடுநடுவே ம் கொட்டணும், சரியா?

"ம்."

அது கடல் கடந்து எங்கயோ இருக்கற அயர்லாந்து தேசம். அந்த ஊர் மழைக்கு வேற வேலையே கிடையாது. காலையில பிசுபிசுன்னு ஆரம்பிக்கும், மத்தியானம் சோன்னு கொட்டும், சாயங்காலம் கூரையிலேருந்து சொட்டு சொட்டுன்னு ஒழுகும். ஒழுகி முடியறதுக்குள்ள அடுத்த மழை. அந்த ஊர்ல விறகும் கிடையாது. சதுப்பு நிலத்து மண்ணைக் கட்டி கட்டியா வெட்டிக் காயவச்சு அடுப்பெரிப்பாங்க. அது எரியறது கொஞ்சம், புகையறது நிறைய. சின்னக் கூரைவீடு, ஒரே அறை, நடுவுல அடுப்பு. கதவைத் தொறந்தா மழை வரும், மூடினா புகை நிக்கும். எது வேணும்னு நீயே சொல்லு.

அந்த மாதிரி ஒரு வீட்ல டெர்வலான்னு ஒருத்தி இருந்தா. அவ புருஷன் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு தோண்டப் போயிருந்தான். வீட்ல அவளும், மாமியார் பிரிஜித்தும், மூணு வயசுக் குட்டி நோராவும்தான். டெர்வலாவுக்கு உடம்பு ஒல்லி, வாய் கெட்டி. ஊரே கும்பிட்டு நிக்கற இடத்துல அவ மட்டும் "எதுக்கு?"ன்னு கேப்பா. அதனால ஊர்ல யாருக்கும் அவளைப் பிடிக்காது. மாமியாருக்கு இன்னும் கொஞ்சம் கூடவே பிடிக்காது.

அப்புறம் என்னாச்சு, நோராக் குட்டிக்கு இருமல் வந்துது. சாதாரண இருமல் இல்லை. கக்குவான் இருமல். கக் கக் கக் கக்னு மூச்சு விடறதுக்கு இடமே குடுக்காம வரும். முகம் சிவக்கும், அப்புறம் கறுக்கும், உதடு நீலமாப் போகும். அப்போ ஒரு கணம் சத்தமே இருக்காது. அப்புறம் ஹூ...ப்னு ஒரு மூச்சு உள்ள போகும். அந்த ஹூப் வரணும். வந்தாத்தான் குழந்தை நம்ம குழந்தை. போன மாசம் கீழத்தெருவுல ஒரு பையனுக்கு அந்த ஹூப் வராமலே போச்சு.

"ம்."

அந்த ஊர்ல டாக்டர் கிடையாது. ஆனா வைத்தியம் சொல்லாத வாயும் கிடையாது. ஒருத்தி வந்து காஞ்சொறி இலையைக் கஷாயம் வைன்னா. இன்னொருத்தி நத்தையில சர்க்கரையைத் தூவி, வழியறதை எடுத்துக் குடுன்னா. ஒரு கிழவர் வந்து பாசியைப் பால்ல காய்ச்சுன்னார். கடல் பாறையில ஒட்டிக்கிட்டிருக்குமே, அந்தப் பாசி. டெர்வலா அதை மட்டும் காய்ச்சிக் குடுத்தா. தொண்டைக்கு இதமாத்தான் இருந்துது. ஆனா அடுப்பு பக்கத்துல உக்காந்துதானே குடிக்கணும்? பால் பாதி இறங்கறதுக்குள்ள புகை உள்ள போச்சு. கக் கக் கக்.

"பாசியெல்லாம் சின்ன வியாதிக்கு"ன்னா மாமியார். "இதுக்குக் கழுதைதான் சரி."

"கழுதை என்ன பண்ணும் அத்தை? நாடி புடிச்சுப் பாக்குமா?"

"வாயை மூடுடி. குழந்தையைக் கழுதை வயித்துக்கு அடியில விட்டு, முதுகு மேல வாங்கணும். மூணு தடவை. அப்புறம் கழுதைக்கு ரொட்டி குடுத்து, அது தின்னு மிச்சம் வச்சதைக் குழந்தைக்குக் குடுக்கணும். எங்கம்மா காலத்து வைத்தியம்."

சரின்னு கொட்டற மழையில கழுதையைக் கொண்டாந்து நிறுத்தினாங்க. ஊரே கூடி நின்னுது. எல்லாருக்கும் அவ்வளவு வேலை வெட்டி! இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் டெர்வலா. முதல் தடவை விட்டு வாங்கினாங்க. ரெண்டாம் தடவையும் ஆச்சு. மூணாம் தடவை கழுதைக்குக் கூச்சம் வந்துடுச்சு, விட்டுது ஒரு உதை. படார்! மாமியார் சேத்துல உக்காந்துட்டா. அப்புறம் ரொட்டியை நீட்டினா, கழுதை லபக் லபக்னு முழுசும் தின்னுட்டு, மாமியார் கையையும் நக்கிச்சு. ஒரு துணுக்கு மிச்சம் வைக்கலை.

"பாத்தீங்களா அத்தை? கழுதைக்கு இருமல் இருந்தா அது இப்போ குணமாயிருக்கும்"ன்னா டெர்வலா.

"நீ சிரிச்சே. அதான் பலிக்கலை."

குழந்தை நனைஞ்சதுதான் மிச்சம். அன்னிக்கு இருமல் இன்னும் மோசமாச்சு.

அப்புறம் மாமியார் ரெண்டாவது வைத்தியம் எடுத்தா. அங்க ஃபெரட்டுன்னு ஒரு பிராணி உண்டு. பாக்கறதுக்குக் கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும், முயல் புடிக்க வளப்பாங்க. அது குடிச்சு மிச்சம் வச்ச பாலைக் குழந்தைக்குக் குடுத்தா கக்குவான் போயிடுமாம். ஊர்ல ஃபெரட்டு வச்சிருந்தவன் ஒரே ஒருத்தன். அதனால அவனுக்குத் தலைகனம்.

"குடுக்கறேன். ஆனா என் ஃபெரட்டுக்கு உங்க பொண்ணுகிட்டேருந்து இருமல் தொத்திக்கிட்டா யார் ஜவாப்?"ன்னான்.

"தொத்திக்கிட்டா கழுதைகிட்டக் கூட்டிட்டுப் போ"ன்னா டெர்வலா.

மாமியார் அவ தொடையில நறுக்குன்னு கிள்ளினா. ஃபெரட்டு சளக் சளக்னு குடிச்சுது. மிச்சப் பால் குழந்தை வாய்க்குப் போச்சு. போன வேகத்துல திரும்பி வந்துது.

"ச்சீ!"

நீ சொல்றே ச்சீன்னு. அந்த ஊரே நின்னு தலையாட்டிச்சு. "வெளிய வந்துடுச்சில்ல, வியாதியும் கூட வந்திருக்கும்"னாங்க. வியாதி எங்க வந்துது? அது உள்ள சுகமா உக்காந்திருந்துது.

மூணாவது வைத்தியம் இன்னும் அழகு. அந்த தேசத்துல கல்யாணம் ஆனா பொண்ணு தன் குடும்பப் பேரை விட்டுட்டு புருஷன் குடும்பப் பேரை வச்சுக்குவா. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே பேரா இருந்து, பேர் மாறாத பொம்பளை ஒருத்தி இருந்தா, அவ கையால ரொட்டி வாங்கித் தின்னா கக்குவான் போகும்னு சொல்லுவாங்க. அப்படி ஒருத்தி மலையடிவாரத்துல இருந்தா. மாமியாரும் மருமகளும் குழந்தையைத் தூக்கிக்கிட்டு நடையா நடந்து போனாங்க. அவ என்னமோ மகாராணி மாதிரி நாற்காலியில உக்காந்து, ஒரு காஞ்ச ரொட்டித்துண்டை ரெண்டு விரலால எடுத்துக் குடுத்தா.

"என் கைபட்டா போகாத இருமல் கிடையாது"ன்னா.

அப்போ உள் அறையிலேருந்து கக் கக் கக்னு சத்தம் கேட்டுது.

"அது யாரு?"ன்னா டெர்வலா.

"என் பேத்தி"ன்னு சொல்லிட்டு அவ கதவைச் சாத்திட்டா.

"ம்."

வர வழியெல்லாம் டெர்வலா சிரிச்சுக்கிட்டே வந்தா. சிரிப்பு நின்னது எப்போன்னு அவளுக்கே தெரியலை. தோள்ல கிடந்த குழந்தை பஞ்சு மாதிரி லேசா இருந்துது. போன வாரம் இப்படி இல்லை. இவங்களையெல்லாம் பாத்துச் சிரிக்கறதுக்கு எனக்கு வாய் இருக்கு, ஆனா என்கிட்ட மட்டும் என்ன மருந்து இருக்குன்னு நெனச்சா. ஒண்ணும் இல்லை. ஒண்ணு மட்டும் அவளுக்குத் தெரிஞ்சுது. வெளிய, மழை விட்ட நேரத்துல குழந்தை கொஞ்சம் நல்லா மூச்சு விடுது. அந்தப் புகைக்குள்ள போனா திணறுது. ஆனா நனையாத, புகையாத இடத்துக்கு அவ எங்க போவா?

இப்போ வரான் பாரு நம்ம ராஜா.

அந்த ஊர் நிலமெல்லாம் லண்டன்ல இருக்கற ஒரு பிரபுவுக்குச் சொந்தம். அந்தப் பிரபு அந்த மண்ணை ஒரு நாளும் மிதிச்சதில்லை. அவருக்குப் பதிலா பெரிய பங்களாவுல உக்காந்து அதிகாரம் பண்ணினவன் காரியஸ்தன் ஆஷ்வெல். எல்லாரும் ஆஷ்வெல் துரைன்னுதான் கூப்பிடணும். கூப்பிடலைன்னா திரும்பிப் பாக்க மாட்டான், கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டான். கல்யாணம் ஆகலை. எவ கட்டுவா? பங்களாவுல அறைக்கு அறை கணப்பு, அறைக்கு அறை புகைபோக்கி. இருக்கறது ஒத்தை ஆள். அவன் ஏறிப் போற குதிரை வெள்ளை உடம்புல கறுப்புத் திட்டு திட்டா இருக்கும். புள்ளிக்குதிரை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொன்னா: "இனிமே புள்ளிக்குதிரைதான் கதி. புள்ளிக்குதிரை மேல வரவனை நிறுத்தி, கக்குவானுக்கு மருந்து என்னன்னு கேக்கணும். அவன் வாயில முதல்ல என்ன வருதோ அதான் மருந்து. அப்படியே செய்யணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

"குதிரை மேல இருக்கறவன் முட்டாளா இருந்தா?"

"இருக்கட்டுமே."

"அப்போ மருந்து யாருக்குத் தெரியும் அத்தை, அவனுக்கா, குதிரைக்கா?"

"புள்ளிக்குத் தெரியும்டி"ன்னா மாமியார், கொஞ்சம்கூட யோசிக்காம.

"ஆஷ்வெல்கிட்ட நான் கேக்கவா? அதுக்கு அந்தக் கழுதைகிட்டயே திரும்பப் போகலாம்"னு டெர்வலா வாயை மூடறதுக்குள்ள, குழந்தைக்கு வந்துது பாரு. கக் கக் கக் கக். அப்புறம் சத்தம் நின்னுது. டெர்வலா காத்திருந்தா. ஹூப் வரலை. கன்னத்தைத் தட்டினா. வரலை. குழந்தையை அள்ளிக்கிட்டு வெளிய ஓடினா. குளிர்காத்து முகத்துல பட்டதும் ஹூ...ப்!

அப்போ தெருவுல டக் டக் டக் டக்னு குளம்புச் சத்தம். ஆஷ்வெல் வரான். ஊர் ஜனமெல்லாம் ஓரமா ஒதுங்கித் தலை குனிஞ்சு நின்னுது. டெர்வலா நம்பிக்கை வந்ததாலயா ஓடினா? கிடையாது. வேற செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லை, அதனால ஓடினா. ஓடிப்போய் கடிவாளத்தைப் புடிச்சுட்டா.

"புள்ளிக்குதிரை மேல வரவரே, கக்குவானுக்கு மருந்து என்ன?"

குதிரை மிரண்டு ரெண்டு காலைத் தூக்கிச்சு. சேறு சளப்னு துரையோட வெள்ளைக் கால்சட்டையில அடிச்சுது. அவ்வளவுதான்.

"என்னைப் பாத்தா வைத்தியன் மாதிரியா இருக்கு? மூடப் பொணங்களா! மருந்து வேணுமாம் மருந்து! போ, போய் என் கட்டில்ல படுக்க வை! என் கோப்பையில பாலைக் குடிக்க வை! இருமல் நிக்கற வரைக்கும் என் பங்களாவுலயே கிடங்க எல்லாரும்! விடுடி வழியை!"

டக் டக் டக்னு போயிட்டான்.

அப்புறம் பின்னாடியிருந்து ஒரு குரல்: "சொல்லிட்டார்." இன்னொரு குரல்: "கட்டில்ல படுக்க வைக்கச் சொன்னார். நானும் கேட்டேன்." "கோப்பையில பாலு." "இருமல் நிக்கற வரைக்கும்." மாமியார் நெஞ்சுல கை வச்சுக்கிட்டு, "இவ்வளவு தெளிவா யாருமே சொன்னதில்லைடி"ன்னா. அவ கண்ணுல தண்ணி.

டெர்வலா பங்களா இருக்கற குன்று மேல நிமிந்து பாத்தா. பங்களாவோட புகைபோக்கி எல்லாத்துலேருந்தும் புகை வானத்துக்குப் போகுது. வானத்துக்கு! வீட்டுக்குள்ள இல்லை. அவ வாழ்க்கையில முதல் தடவையா மாமியார் பேச்சை அப்படியே கேட்டா.

"கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, இல்ல அத்தை?"

"கூடவே கூடாது."

"அப்போ உங்க சால்வையை எடுத்துக்கோங்க. எல்லாரும்னு சொன்னார். நீங்களும் வரணும்."

"ம்... அப்புறம்?"

அப்புறம் என்ன, பங்களாக் கதவை டொக் டொக்னு தட்டினாங்க. சமையல்காரி சிசிலி தொறந்தா. அவளும் அந்த ஊர்க்காரிதான். விஷயத்தைக் கேட்டதும், "துரை குதிரை மேல உக்காந்து சொன்னாரா, இறங்கிச் சொன்னாரா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "குதிரை மேல"ன்னு தெரிஞ்சதும் கதவை அகலத் தொறந்துட்டா. அவளே மாடி ஏறிப் போய்க் கட்டில்ல புது விரிப்பு போட்டா. என்ன கட்டில்! நோராக் குட்டி அதுல படுத்தா, தலையணை மேல கிடக்கற பட்டாணி மாதிரி இருந்தா. துரையோட வெள்ளிக் கோப்பையில பால் வந்துது, பாசி போட்டுக் காய்ச்சி, தேன் விட்டு. காஞ்ச சுவர், கதகதப்பு, புகையே இல்லை. குழந்தை பாதிக் கோப்பை குடிச்சுது, இருமாம.

சாயங்காலம் துரை வந்தான். மாடி ஏறினான். தன் கட்டிலைப் பாத்தான்.

"யார்டி இது?"

"மருந்து சாப்பிடறோம் துரை"ன்னா டெர்வலா.

"வெளிய போ!"

"நீங்கதானே இருமல் நிக்கற வரைக்கும் கிடன்னு சொன்னீங்க?"

"அது... அது கோவத்துல சொன்னது!"

"கோவத்துல சொன்னதா இருந்தா என்ன துரை, மருந்து மருந்துதானே?"

அவன் உள்ள வரணும்னு ஒரு அடி வச்சான். அப்போ குழந்தை கக்னு ஒரே ஒரு தடவை இருமிச்சு. அவ்வளவு பெரிய மனுஷன், கைக்குட்டையால மூக்கை மூடிக்கிட்டு படிக்கட்டு வரைக்கும் பின்னாலயே போயிட்டான். தொத்திக்குமாம்! ஒரு ஊரையே நடுங்க வச்சவன் ஒரு பட்டாணியைப் பாத்து நடுங்கினான்.

படிக்கட்டுல நின்னுக்கிட்டுக் கத்தினான்: "உன் குடிசையை இடிச்சுத் தள்ளிடுவேன்!"

"இடிங்க. அப்புறம் இருமல் நின்னாலும் போறதுக்கு இடம் இருக்காது. இங்கயே இருந்துக்கறோம்."

துரை வேலைக்காரங்களைக் கூப்பிட்டு, இவங்களைத் தூக்கி வெளிய போடுங்கடான்னான். எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. "புள்ளிக்குதிரை வைத்தியத்தைப் பாதியில கலைச்சா, கலைச்சவன் வீட்ல இருமல் புகுந்துக்கும் துரை. எங்களுக்கும் புள்ளைகுட்டி இருக்கு"ன்னாங்க. வீட்ல வேற கட்டில் கிடையாது, அதனால அன்னிக்குத் துரை கணக்கு எழுதற மேஜைக்குப் பக்கத்துல, ஒரு பெஞ்சுல படுத்தான். கால் வெளிய நீட்டிக்கிட்டிருந்துதாம்.

மறுநாள் காலையில போலீஸ்காரர் டூலனைக் கூட்டிட்டு வந்தான். டூலன் பூட்ஸ் தட தடன்னு மாடி ஏறினார். "இந்தாம்மா, எழுந்திரு. சட்டம்னு ஒண்ணு இருக்கு"ன்னு ஆரம்பிச்சார். அந்த நேரம் பாத்து வந்துது. கக் கக் கக் கக் கக். டெர்வலா குழந்தையைத் தூக்கி நிமிர்த்திப் புடிச்சா. முகம் சிவந்துது. கறுத்துது. சத்தம் நின்னுது.

அறையில ஒருத்தரும் அசையலை. மாமியார் உதடு மட்டும் அசைஞ்சுது. டெர்வலாவுக்கு அந்த நேரத்துல ஒரு கேலியும் தோணலை. வா, வா, வான்னு மட்டும் உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தா.

ஹூ...ப்!

டூலன் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டிருந்தார். போன மாசம் போன அந்தக் கீழத்தெருப் பையனுக்கு அவர்தான் தாய்மாமன். அப்புறம் துரை பக்கம் திரும்பி, "நீங்க இவங்களை வரச்சொல்லிக் கூப்பிட்டதுக்கு ஊரே சாட்சி சொல்லுது. கூப்பிட்டு வந்தவங்க விருந்தாளிங்க. விருந்தாளியைப் புடிக்க எனக்குச் சட்டம் இல்லை"ன்னு சொல்லிட்டு, பூட்ஸ் சத்தமே கேக்காம இறங்கிப் போயிட்டார்.

"துரைக்கும் இருமல் வந்துதா?"

வரலை. அவனுக்கு எதுவுமே வராது, புத்தி உள்பட. ஆனா ஒரு யோசனை வந்துது. சிசிலியைக் கூப்பிட்டு, "நான் மருந்தை மாத்திச் சொல்றேன். வீட்டுக்குப் போய் வெந்நீர் குடிக்கச் சொல்லு"ன்னான்.

சிசிலி பாத்திரம் துலக்கிக்கிட்டே, "தரையில நின்னு சொன்னா அது மருந்து இல்லையே துரை. குதிரை மேல இருக்கணும்"ன்னா.

"ஏறிக்கறேன்!"

"ஏறி நீங்களா சொன்னாலும் செல்லாது. யாராவது வழியில நிறுத்திக் கேக்கணும்."

அப்போ அந்த மேதாவி என்ன பண்ணினான் தெரியுமா? கொட்டற மழையில குதிரை ஏறி ஊருக்குள்ள போனான், யாராவது கேப்பாங்கன்னு. டக் டக் டக். தினமும் அவனைக் கண்டா ஒதுங்கற ஜனம் அன்னிக்கும் ஒதுங்கிச்சு. தலை குனிஞ்சு, வாயை இறுக்கி மூடிக்கிட்டு. தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பினான். இப்போ மெதுவா, டக்... டக்... ஒருத்தர் வாயும் தொறக்கலை. ஃபெரட்டுக்காரன் வாசல்ல நிறுத்தி, "ஏம்பா, உனக்கு ஏதாவது கேக்கணுமா?"ன்னு தானே கேட்டான்.

"ஒண்ணும் இல்லைங்க துரை. எல்லாம் சௌக்கியம்."

மூணாவது தடவை வந்தப்போ அந்தப் பாசிக் கிழவர் கையைத் தூக்கினார். துரைக்கு முகம் மலர்ந்துது. குதிரையை நிறுத்தி, "கேளு, கேளு!"ன்னான்.

"மழை எப்போ விடும் துரை?"ன்னார் கிழவர்.

தொப்பியிலேருந்து தண்ணி தொப தொபன்னு வழிய அவன் திரும்பிப் போனதை மாடி ஜன்னல்லேருந்து டெர்வலா பாத்தா. குழந்தையையும் தூக்கிக் காமிச்சா. நோரா சிரிச்சா. ரொம்ப நாளைக்கப்புறம், சிரிச்சும் இருமல் வரலை.

அப்புறம் நாள் போச்சு. கக் கக் கக் கக்னு வந்தது கக் கக்னு ஆச்சு, அப்புறம் கக்னு ஆச்சு, அப்புறம் அதுவும் இல்லை. ஹூப் வரணுமேன்னு காத்திருக்கற வேலை டெர்வலாவுக்கு இல்லாமப் போச்சு. காஞ்ச காத்தும் நல்ல பாலும் பாதி செஞ்சுது. மிச்சப் பாதி, வந்த வியாதி தன் நாளை முடிச்சுக்கிட்டுத் தானே கிளம்பிச்சு. டெர்வலாவுக்கு இது தெரியும். ஆனா அந்த ஊர்க்கிட்ட யார் சொல்றது? "புள்ளியோட மகிமை"ன்னு ஒரே பேச்சு. மாமியார் பேச்சுதான் எல்லாத்துலயும் பெரிசு. "கழுதைன்னு முதல்ல சொன்னது யாரு? நான்தான். அதுலேருந்துதான் ஒவ்வொண்ணா வந்து இங்க முடிஞ்சுது"ன்னா. கழுதைக்கும் பங்களாவுக்கும் என்ன சம்பந்தம்னு டெர்வலா கேக்கலை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

இதுல நம்ம துரை இருக்கான் பாரு. பக்கத்து ஊர்த் துரைமாருங்க காதுக்கு விஷயம் போச்சு. அவங்க விருந்துல, "என்ன ஆஷ்வெல், நீ பெரிய வைத்தியனாமே"ன்னு விசாரிச்சாங்க. முதல்ல கூசினான். ரெண்டாவது கோப்பைக்கு அப்புறம் நெளிஞ்சான். மூணாவது கோப்பைக்கு அப்புறம், "ஆமா, அந்தக் குழந்தையைப் பாத்ததும் எனக்குத் தோணிச்சு. காஞ்ச காத்து, பால், ஓய்வு. அதான் எழுதிக் குடுத்தேன்"னான். எழுதிக் குடுத்தானாம்! கொஞ்ச நாள்ல அவனே அதை நம்பிட்டான். பெஞ்சுல படுத்த முதுகுவலி மட்டும் நம்பலை.

"ம்..."

கிளம்பற நாள் வந்துது. டெர்வலா விரிப்பையெல்லாம் துவைச்சு மடிச்சு வச்சுட்டு, குழந்தை கையைப் புடிச்சுக்கிட்டு இறங்கி வந்தா. நோரா தன் காலால படிக்கட்டுல ஒவ்வொரு படியா தொப், தொப்னு குதிச்சு இறங்கினா. பாத்தா, முற்றத்துல நாற்காலி போட்டு அந்தத் துரைமாருங்க உக்காந்திருக்காங்க. ஆஷ்வெல் நடுவுல, புது மேல்சட்டை. ஊர் ஜனத்தையும் வரச்சொல்லி ஓரமா நிக்க வச்சிருக்கான். எதுக்கு? டெர்வலா அத்தனை பேர் முன்னாடியும் நின்னு அவனுக்கு நன்றி சொல்லணுமாம். அதை அவங்க பாக்கணுமாம்.

"வாம்மா"ன்னான். முதல் தடவையா அம்மான்னான். "குழந்தை பொழைச்சுது யாரால? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும். ஒரு நன்றி போதும்."

டெர்வலா வாயைத் தொறந்தா. பொய் சொல்லக் கூடாதில்ல, ஒரு கணம் அவ மனசுல சொல்லிடலாம்னுகூட இருந்துது. என்ன இருந்தாலும் கட்டில் அவனோடது. அப்போ பக்கத்துல நின்ன மாமியார் அவ முழங்கையைப் புடிச்சு இழுத்தா.

"சொல்லிடாதேடி! குணமானதுக்கு நன்றி சொன்னா வியாதி திரும்பி வந்துடும்!"

அந்த ஊர்ல அப்படி ஒரு சம்பிரதாயம். மருந்து வாங்கிக்கலாம், நன்றி மட்டும் வாயால சொல்லவே கூடாது. ஜனமெல்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டிச்சு. டூலனும் ஆட்டினார். சிசிலி சமையக்கட்டு வாசல்லேருந்து, "ஒரு வார்த்தைகூடக் கூடாது"ன்னு கத்தினா.

டெர்வலா மாமியாரைப் பாத்தா. துரையைப் பாத்தா. அவன் முகத்துல மூடப் பொணங்களான்னு கத்தின அந்த வாய், நன்றிக்காக லேசாத் தொறந்துக்கிட்டு நின்னுது. கழுதையை நம்பாதவ, ஃபெரட்டை நம்பாதவ, புள்ளியை நம்பாதவ, பட்டுனு வாயை மூடிக்கிட்டா.

"சும்மா சொல்லும்மா"ன்னான் துரை. "மெதுவாவாவது சொல்லு."

அவ தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினா. ரொம்ப வருத்தமா இருக்கற மாதிரி.

நோராக் குட்டி நல்ல புள்ளை, துரையைப் பாத்து, "ந..."ன்னு ஆரம்பிச்சுது. டெர்வலா டபக்னு அது வாயைப் பொத்தித் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. முற்றத்தைத் தாண்டி, அத்தனை துரைமாருங்களையும் தாண்டி, வாசலைத் தாண்டிப் போயிட்டா. ஊரே அவ பின்னாடி போச்சு, ஒரு வார்த்தை பேசாம. நாற்காலிங்களும் அதுல உக்காந்தவங்களும்தான் மிச்சம்.

அப்புறமும் அவ எந்த வைத்தியத்தையும் நம்பலை. யார் கழுதையை ஓட்டிக்கிட்டு வந்தாலும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. ஆனா இந்த ஒரு சம்பிரதாயத்தை மட்டும் சாகற வரைக்கும் விடலை. தெருவுல ஆஷ்வெல் துரை எதிர்ல வரும்போதெல்லாம், குழந்தை உடம்பு முக்கியம்னு சொல்லி, வாயை இறுக்கி மூடிக்கிட்டுப் போவாளாம்.

ம் எங்க? காணோமே. சரி, கதை வாயை மூடிக்கிச்சு, நீ கண்ணை மூடிக்கோ. தூங்கு.